மன்னார்குடி அடுப்பில் கடல் கம்போ: எங்கே தவறுகிறேன்?

பாமணியாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது அறுபத்து மூன்று. ஐம்பது பேருக்கு மீன் குழம்பு வைக்கச் சொன்னால் அளவு பார்க்காமல் வைத்துவிடுவேன். ஆனால் நண்டும் இறாலும் வெண்டைக்காயும் போட்டு அமெரிக்காவில் செய்யும் கடல் கம்போ என்ற ஒரே ஒரு பதார்த்தம் எனக்கு இரண்டு முறையும் வரவில்லை. அதற்குத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில் லஃபயெட் என்ற ஊரில் ஆறு மாதம் இருந்தேன். பேரன் பிறந்து வீட்டுக்கு வந்த நான்காம் நாள், அடுத்த வீட்டு மூதாட்டி ஒரு கனத்த இரும்புப் பானையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். அந்தப் பக்கத்தில் பிரெஞ்சு வம்சாவளியினரான கேஜன் மக்களில் ஒருவர் அவர். எனக்கு ஆங்கிலம் அரைகுறை; அவர் பேச்சோ பாதி பிரெஞ்சு. பானையைக் காட்டி “கம்போ” என்றார், தொட்டிலைக் காட்டிச் சிரித்தார், போய்விட்டார். பிள்ளை பெற்ற வீட்டில் பெண்கள் அடுப்போடு மல்லுக்கட்டக் கூடாது என்பது அந்த ஊரிலும் ஒரு வழக்கம்தான் போலிருக்கிறது.

மகளுக்குப் பத்தியமாகப் பூண்டுக் குழம்பு வைத்திருந்தேன். அதனால் கம்போவை நானும் மாப்பிள்ளையும்தான் சாப்பிட்டோம். பழம்புளியின் நிறம். அதற்குள் பாதியாக உடைத்த நண்டு, இறால், உருத்தெரியாமல் கரைந்துபோன வெண்டைக்காய். புளி இல்லை, தேங்காய் இல்லை, மல்லித்தூள் இல்லை. இவை எதுவும் இல்லாமல் நண்டுக்கு இப்படி ஒரு ருசி உண்டா என்று கரண்டியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் வீட்டு அடுப்படியில் நின்று ஒருமுறை வேடிக்கை பார்த்தேன். எழுதி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார்.

வரும் தை மாதம் பேரனுக்கு வைத்தீஸ்வரன் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறோம். கோவில் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து வீட்டில் கவுச்சி சமைப்போம். “அம்மா, அன்றைக்கு அந்தக் கம்போவைச் செய்ய முடியுமா?” என்று மகள் கேட்டிருக்கிறாள். இதுவரை அவள் என்னிடம் மீன் குழம்பைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

முதல் முறை, மைதாவை எண்ணெயில் வறுத்தபோது கரும்புள்ளிகள் விழுந்துவிட்டன. வீணாக்க மனமில்லாமல் தொடர்ந்தேன். பானை முழுவதும் கசந்தது. இரண்டாம் முறை, பயந்துபோய்ப் பொன்னிறத்திலேயே நிறுத்திவிட்டேன். வெண்டைக்காய் கொழகொழவென்று வந்ததால் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றினேன். லஃபயெட்டிலிருந்து வாங்கி வந்த, ஃபிலே என்ற இலைப் பொடியையும் போட்டுக் கொதிக்கவிட்டேன். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. என் கணவர் சாப்பிட்டுவிட்டு, “இறால் புளிக்குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். அவர் மனதார அப்படிச் சொன்னதுதான் எனக்கு வருத்தமாகிவிட்டது.

இதைச் செய்து பழகியவர்கள் யாராவது இருந்தால் படிப்படியாகச் சொல்லுங்கள். செலரி என்ற கீரைத்தண்டு இங்கே கிடைப்பதில்லை. நண்டும் இறாலும் நல்லதாகக் கிடைக்கும்.

---

அரசலாறு எழுதியது:

அம்மா, வணக்கம். காரைக்காலில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். சமையலை விட அதன் சொற்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

மைதாவை எண்ணெயில் வறுக்கும் அந்த முதல் படிக்கு ‘ரூ’ என்று பெயர். செந்தவிட்டு நிறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. கேஜன்களின் முன்னோர் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள். அக்கேடியர் என்று பெயர். 1755-இல் தொடங்கி ஆங்கிலேயர் அவர்களை ஊரை விட்டே துரத்தினார்கள். அலைந்து திரிந்து, 1760-களில் தொடங்கி, அவர்களில் பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறினார்கள். ‘அக்கேடியன்’ என்ற சொல்தான் தேய்ந்து ‘கேஜன்’ ஆனது. எங்கள் காரைக்காலும் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர்தான்.

ஆனால் ‘கம்போ’ பிரெஞ்சுச் சொல் அன்று. மேற்கு மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு ‘கிங்கோம்போ’ என்று பெயர். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட மக்கள் அந்தச் சொல்லோடு வந்தார்கள். உங்கள் பானையில் கொழகொழத்த அந்தக் காயின் பெயரையே இந்த உணவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். ஃபிலே பொடியோ அந்த மண்ணின் பூர்வகுடிகளான சோக்டா மக்கள் கற்றுக்கொடுத்தது. சசாஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்தி இடிப்பது. அவர்கள் மொழியில் அந்தப் பொடிக்கு ‘கோம்போ’ என்று பெயர். உணவின் பெயர் அதிலிருந்து வந்தது என்போரும் உண்டு.

நாலு தக்காளியை நறுக்கிப் போட்டால் கொழகொழப்பும் குறையும், நிறமும் வரும் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் திருத்தலாம்.

---

நாகூர் அடுப்படி எழுதியது:

சகோதரி, லஃபயெட் என்ற பெயரைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் அந்த ஊரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். முதல் எட்டு மாதங்கள் என்னை இறால் உரிக்க மட்டும்தான் விட்டார்கள். பிறகு ஒரு நாள் தலைமைச் சமையல்காரர், அவரும் ஒரு கேஜன் பெண்மணி, மரக்கரண்டியை என் கையில் கொடுத்து, “நான் சொல்லும்வரை நிறுத்தாதே” என்றார். என் வீட்டில் பன்றி இறைச்சி கிடையாது. அதனால் தொத்திறைச்சி போட்டுச் செய்யும் கோழிக் கம்போ பக்கம் நான் போகவில்லை. கடல் கம்போவைத்தான் நெஞ்சில் ஏற்றிக்கொண்டேன். அந்த ஊரில் கத்தோலிக்கர்கள் அதிகம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். அந்த நாட்களில் இறாலும் நண்டும் எங்கள் அடுப்பில் ஓய்வில்லாமல் வெந்தன.

தக்காளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கிரியோல் என்ற பாணியில் செய்யும் கம்போவில் தக்காளி போடுவார்கள். லஃபயெட் பக்கம் பெரும்பாலும் போடுவதில்லை. அந்த மூதாட்டியின் பானையில் நீங்கள் கண்ட நிறம் தக்காளியின் நிறம் அன்று, ரூவின் நிறம். உங்கள் மகள் தேடுவது அதைத்தான். ஆகவே தக்காளி வேண்டாம், புளியும் வேண்டாம். ஐயா மன்னிக்க வேண்டும்.

இனி ரூ. எட்டுப் பேருக்கு ஒரு டம்ளர் எண்ணெய்க்கு ஒரு டம்ளர் மைதா. செக்கு எண்ணெய் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும். சுத்திகரித்த கடலை எண்ணெய் போதும். நெய்யும் வெண்ணெயும் இந்த வேலைக்கு ஆகாது. அடிகனமான இரும்பு வாணலியை எடுங்கள். எண்ணெய் சூடானதும் மைதாவைத் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். தீயை நடுத்தரத்துக்கும் கீழே இறக்குங்கள். அங்கிருந்து நாற்பது, ஐம்பது நிமிடங்கள் வேறு வேலை கிடையாது. தட்டையான மரக்கரண்டியால் அடியையும் மூலையையும் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொலைபேசி அடித்தால் எடுக்காதீர்கள். பேரன் அடுப்புப் பக்கம் வரவே கூடாது. அந்த மாவு ஒரு துளி தெறித்தாலும் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

நிறத்தைக் கவனியுங்கள். முதலில் அரைத்த சந்தனம் போல இருக்கும். பிறகு வேர்க்கடலைத் தோல். இந்த இடத்தில் வறுத்த கடலையின் வாசனை வரும். நீங்கள் இரண்டாம் முறை நிறுத்தியது இதற்கும் முன்னால். பிறகு பழைய செப்புக்காசு. அதையும் தாண்டிக் கருப்பட்டி நிறத்துக்கு வரும்போது மாவு இளகி ஓடும், வாசனையும் மாறும். கும்பகோணத்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடை வாசலில் நின்றிருந்தால் அந்த வாசனை உங்களுக்குத் தெரியும். கடல் கம்போவுக்குச் செப்புக்காசுக்கும் கருப்பட்டிக்கும் நடுவே நிறுத்துவது என் பழக்கம். அதற்கு மேல் போனால் நண்டின் இனிப்பு அடங்கிவிடும். கரும்புள்ளி ஒன்று கண்டாலும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அந்தக் கசப்பை எதாலும் மறைக்க முடியாது. ஒன்பது ஆண்டுகளில் நானும் பல முறை கொட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மாவு கறுக்கக் கறுக்க அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறைந்துகொண்டே வரும். சூட்டில் மாவுச்சத்து உடைந்துபோவதுதான் காரணம். கறுத்த ரூ ருசிக்கும் நிறத்துக்கும். குழைவைக் கொடுப்பதற்கு வெண்டைக்காய். அதனால்தான் அந்தக் கொழகொழப்பை நாம் புளி ஊற்றி விரட்டக் கூடாது.

அதற்காகப் பச்சையாக அப்படியே போட்டுவிடவும் கூடாது. அரைக் கிலோ வெண்டைக்காயை வில்லைகளாக நறுக்கி, இரும்பு அல்லாத வேறொரு பாத்திரத்தில், இரண்டு கரண்டி எண்ணெயில் மெல்லிய தீயில் வதக்குங்கள். நாம் பொரியலுக்குச் செய்வதுபோல மொறுமொறுப்பாக்க வேண்டியதில்லை. கிளறிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் நூல் இழுப்பது அடங்கி, காய் குழைந்து உட்கார்ந்துவிடும். பிறகு அது பானையில் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது இருந்த இடம் தெரியாமல் கரையும். நீங்கள் அங்கே பார்த்த உருத்தெரியாத வெண்டைக்காய் இதுதான்.

ரூ பக்குவத்துக்கு வந்த நொடியில், பொடியாக நறுக்கிய மூன்று பெரிய வெங்காயத்தை அதில் கொட்டுங்கள். சடசடவென்று இரைச்சல் வரும், ஆவி எழும்பும், மாவு மேலே வறுபடுவது நிற்கும். வெங்காயம் வதங்கியதும் இரண்டு பச்சைக் குடைமிளகாய், பிறகு செலரி. இந்த மூன்றையும் அவர்கள் ‘பரிசுத்த திரித்துவம்’ என்றே அழைப்பார்கள்; வேளாங்கண்ணி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். நான் செலரியைத் திருச்சியிலிருந்து வருபவர்களிடம் சொல்லிவைத்து வாங்கிக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால் கொத்தமல்லித் தண்டை நறுக்கிப் போடுங்கள். அதே வாசனை வராது, ஆனால் அந்தப் பச்சைத்தன்மை கிடைக்கும். தைம் என்ற இலைக்குப் பதிலாக ஓமம், விரல் நுனியில் எடுக்கும் அளவு. இரண்டிலும் இருப்பது தைமால் என்ற ஒரே வாசனைப் பொருள். நம் பிரியாணி இலை இலவங்கப்பட்டை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது, அவர்கள் போடும் இலை வேறு. அதை விட்டுவிடுங்கள், குறையொன்றும் தெரியாது.

இறாலைத் தலையோடு வாங்குங்கள். ஒரு கிலோ இறாலின் தலையும் ஓடும், நண்டின் மேலோடும், ஒரு வெங்காயமும் சேர்த்து மூன்று லிட்டர் தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் அதுதான் சாறு. அதைச் சிறிது சிறிதாக ரூவில் ஊற்றிக் கரையுங்கள். வெண்டைக்காய், பூண்டு, உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகுத்தூள். மல்லித்தூள் பக்கம் கை போகக் கூடாது. ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். கடைசி இருபது நிமிடத்தில் நண்டு. கடைசி ஐந்து நிமிடத்தில் இறால். சுருண்டு சிவந்ததும் அடுப்பை அணையுங்கள். அங்கே கடல் சிப்பியும் அதன் நீரோடு சேரும். இங்கே சுத்தமானது கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் வேண்டாம்.

ஃபிலே பொடியைக் கொதிக்கவிட்டதால்தான் நூல் இழுத்தது. வெண்டைக்காய் போட்ட பானைக்கு அது தேவையே இல்லை. வேண்டுமென்பவர்கள் தம் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளட்டும்.

---

அலையாத்தி எழுதியது:

அம்மா, நான் முத்துப்பேட்டை. அப்பா காலத்திலிருந்து நண்டு வியாபாரம். நாகூர் அண்ணன் அடுப்பைச் சொல்லிவிட்டார், நான் நண்டை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வகை கிடைக்கும். கடலில் வலையில் வருவது நீலக்கால் நண்டு. அலையாத்திக் காட்டுச் சேற்றில் பிடிப்பது கழி நண்டு. கழி நண்டு பெரியது, விலையும் அதிகம், கொடுக்கில் சதை திரண்டிருக்கும். ஆனால் ஓடு தடித்தது, உடைத்துச் சாப்பிடச் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரமம். நீங்கள் செய்யப்போவது சாறு இறங்க வேண்டிய சமையல் என்பதால் நடுத்தர நீலக்கால் நண்டு ஆறேழு வாங்குங்கள். அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் சதையில்லை. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். பௌர்ணமிக்கு ஒட்டி வரும் நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நிறைந்திருக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வோம். நாங்கள் வாங்குவதும் அப்படிப் பார்த்துத்தான். தை மாதத்தில் தடைக்காலமும் கிடையாது, அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

வீட்டுக்கு வந்ததும் மேலோட்டைக் கழற்றி, இருபுறமும் பஞ்சுபோல இருக்கும் செவுளைப் பிய்த்து எறிந்துவிடுங்கள். ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை மட்டும் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். அதை வழித்துக் கிண்ணத்தில் வைத்து நண்டு போடும்போது சேர்த்துப் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஊரிலும் ஆற்று முகத்துவாரமும் சேறும் நெல்லும்தானா? படித்தபோது எங்கள் ஊரைச் சொல்வதுபோலவே இருந்தது.

---

நாகூர் அடுப்படி எழுதியது:

தம்பி, அதேதான். அந்த மாநிலத்தின் தெற்கே மிசிசிப்பி கடலில் கலக்கும் கழிமுகம். சுற்றிலும் சதுப்பு, உள்ளே தள்ளி நெல் வயல். அறுவடை முடிந்த வயலில் தண்ணீரைக் கட்டி, பார்க்க இறால் போல இருக்கும், கொடுக்கு வைத்த ஒரு நன்னீர்ப் பிராணியை வளர்த்துப் பிடிப்பார்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு நம் வயல் நண்டும், சளி பிடித்தால் உம்மா வைத்துத் தரும் நண்டுச் சாறும்தான் நினைவுக்கு வந்தன. புயலும் அப்படித்தான். 2018-இல் கஜா வந்த இரவு நான் அங்கே இருந்தேன். கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் அருகில் தலைமைச் சமையல்காரர் வந்து உட்கார்ந்தார். 2005-இல் கத்ரினா வந்தபோது நியூ ஆர்லியன்ஸிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து தங்கிய உறவினர்களைப் பற்றி விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ சொன்ன நண்டுக் கொழுப்பை அவர்களும் விடமாட்டார்கள்.

---

பாமணியாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். முத்துப்பேட்டைத் தம்பி சொன்னபடியே அழுத்திப் பார்த்து ஏழு நண்டு வாங்கினேன். ரூவுக்கு நாற்பத்தெட்டு நிமிடங்கள் ஆயின. கை வலித்தபோது கணவர் கரண்டியை வாங்கிக்கொண்டார். அவருக்குச் சமையல் தெரியாது, ஆனால் சிறு வயதில் வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்த பழக்கம் உண்டு. “இப்போது போதும்” என்று அவர்தான் சொன்னார். வெங்காயத்தைக் கொட்டினேன். அந்த வாசனை எழும்பியபோது எனக்கு லஃபயெட் வீட்டின் வாசற்படி கண்முன்னால் வந்தது.

வடித்த பச்சரிசிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். இந்த முறை கணவர் எதையும் குழம்பு என்று சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வீடியோ அழைப்பில் மகளுக்குப் பானையைக் காட்டினேன். நிறத்தைப் பார்த்ததும் அவள் பேசவில்லை, பேரனைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் ஒன்று சொன்னாள். அந்த மூதாட்டி இறந்தபின் அவருடைய மகன் அந்த இரும்புப் பானையை இவளிடம் கொடுத்துவிட்டாராம். தைக்கு வரும்போது அதை எடுத்துக்கொண்டு வருகிறாள். எடை ஆறு கிலோ. பெட்டியில் இடமில்லாமல் தன் புடவைகளைக் குறைத்திருக்கிறாள்.

இரண்டு சந்தேகம். பேரனுக்கு மூன்று வயது, காரத்தை எப்படிக் குறைப்பது? பானை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் உள்ளே துரு பிடித்திருக்கிறதாம், என்ன செய்யலாம்?

---

நாகூர் அடுப்படி எழுதியது:

மிளகாய்த்தூளும் மிளகும் போடுவதற்கு முன்பே பேரனுக்கு வேண்டியதைத் தனிச் சட்டியில் எடுத்துவிடுங்கள். இரண்டு இறாலை அதிலேயே வேகவைத்துக் கொடுங்கள். சாறும் ரூவும் வெண்டைக்காயும் சேர்ந்த அடிப்படையை முதல் நாளே செய்து ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் ருசி கூடும். நண்டும் இறாலும் மட்டும் அன்றன்றைக்கு. கிண்ணத்தின் நடுவில் சோறு சிறிய மேடாக இருக்கட்டும், சுற்றிலும் கம்போ நிறைய நிற்க வேண்டும். லஃபயெட்டில் சிலர் உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு கரண்டி அதிலேயே வைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பானையைச் சோப்புப் போட்டு ஊறவைக்காதீர்கள். கல்லுப்பும் எண்ணெயும் விட்டுத் தேங்காய் நாரால் துரு போகும்வரை தேய்த்து, கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். மெல்லிசாக எண்ணெய் தடவிப் புகை வரும்வரை காயவிட்டு ஆறவையுங்கள். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். மூன்று நாள் இப்படிச் செய்தால் போதும். அவர்கள் வந்து இறங்கியதும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். கோவிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பானை தயாராகிவிடும்.